கிணற்றில் விட்ட வரி மீன்

விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனுக்காக என்னைத் தாய் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். இதை இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயதாகி முழங்காலில் பலம் குறைந்தது, கண்ணில் பார்வை குறைந்தது, அந்தக் கோபம் மட்டும் குறையவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது பாகூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஊர். பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அப்பா விவசாயிதான், தென்னையும் மணிலா என்கிற வேர்க்கடலையும் கொஞ்சம் கேழ்வரகும். எங்கள் தோப்பைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். அலை வந்து மோதும் இடத்தில் பழைய செங்கல் சுவர் ஒன்று இடிந்து கிடந்தது. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சிப்பியும் பாசியும் ஏறி அது பாறையாகவே ஆகிவிட்டிருந்தது. பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவர்கள் அதைப் பார் என்பார்கள். கடலுக்குள் கிடக்கும் எந்தப் பாறைத் திட்டுக்கும் அவர்கள் வாயில் அதுதான் பெயர்.

அந்தச் சுவரின் இடுக்குகளில்தான் இந்த மீன் இருந்தது. முதுகில் மஞ்சள், உடம்பில் மேலிருந்து கீழாக ஐந்து கறுப்பு வரி. வலையில் வந்தால் குப்பத்து ஆட்கள் பொடி என்று உதறிவிடுவார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் வரி மீன் என்று பெயர் வைத்திருந்தோம். அலை வந்து சுவரை அறையும்போது நாம் நிற்க முடியாது, அது நிற்கும். நுரையெல்லாம் வடிந்த பிறகு பார்த்தால் அதே இடுக்கில் அதே இடத்தில் இருக்கும். முட்டை வைக்கும் காலத்தில் செங்கல்லின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு தெரியும். அதற்குக் காவல் இருப்பது அப்பன் மீன். உடம்பெல்லாம் நீலம் பாரித்து, கிட்டே எது வந்தாலும் பாயும். என் கால் கட்டை விரலைக் கடித்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் வாய் திறந்தது அது ஒன்றுதான் என்று பிற்காலத்தில் நினைத்துக்கொள்வேன்.

ஜெர்மன் சண்டை ஆரம்பிப்பதற்குச் சில வருஷம் முன்னால் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மேற்கே, நெட்டப்பாக்கத்தைச் சேர்ந்த பண்டசோழநல்லூரில் கொடுத்தார்கள். நெல்லும் கரும்பும் பயிரிடுகிற குடும்பம். மாமியார் இல்லை. மாமனார், மூத்தார் என்கிற என் கணவரின் அண்ணன், மூத்தாரின் மனைவியான என் ஓரகத்தி, என் கணவர், கல்யாணமாகாத கொழுந்தன். இவ்வளவு பேருக்கும் குடிதண்ணீர் ஊர்க் கோடியில் இருந்த பொதுக்கிணற்றிலிருந்து வர வேண்டும். கொண்டுவந்தது நானும் ஓரகத்தியும். அவள் வயிற்றில் பிள்ளையோடு இரண்டு குடம் சுமந்தாள். அவள் நச்சரித்து நச்சரித்துத்தான் அந்த வருஷம் கோடையில் கொல்லையில் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் ஊறிய அன்று அவள் அழுதே விட்டாள்.

ஆனால் ஊறின தண்ணீரை உடனே குடித்துவிட முடியாது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுக் கிணற்றில் முதலில் மீன் விட வேண்டும். மூன்று மீன். எட்டு நாள் மீன் உயிரோடு இருந்தால்தான் வீட்டுக்காரர்கள் அந்தத் தண்ணீரில் வாய் வைப்பார்கள். இதுவரை சரி. நல்ல புத்தி என்றே சொல்வேன். அதற்குமேல் ஒன்று சேர்த்திருந்தார்கள்: அந்த மீன் வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகளின் தாய் வீட்டிலிருந்து வர வேண்டும். மீன் பிழைத்தால் மருமகள் வந்த நேரம் நல்ல நேரம். செத்தால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று விட்டிருந்தார்கள்.

மீன் கொண்டுவருவதற்காக என்னை முன்கூட்டியே தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா எங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து கெண்டைக்குஞ்சு மூன்று பிடித்து, அகலமான தவலையில் விட்டு, வாயில் துணி கட்டி வைத்திருந்தார். அழைத்துப்போக மூத்தார் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். என் கணவர் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் ஆட்களோடு நின்றுவிட்டார். அவர் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நெல் வயலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கடலைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார்கள். மூத்தார் சாப்பிட்ட கையோடு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கால் நனைக்கப் போனார். அலை உள்வாங்கியிருந்த நேரம். சுவர் இடுக்கில் தேங்கிய தண்ணீரில் வரி மீனைப் பார்த்திருக்கிறார். குப்பத்து ஆள் ஒருவரிடம் சொல்லித் துண்டில் மூன்று அள்ளிக்கொண்டு, வெற்றிலைத் தட்டு ஏந்தி வருகிறவரைப் போல வந்தார்.

"பாருங்க, மஞ்சளும் மையும் பூசிக்கினு வந்த மாதிரி இருக்குது. இதத்தான் வுடணும். கெண்டை எங்க ஏரிலியே கெடைக்குது, அதுக்கு இன்னாத்துக்கு இம்மாந் தூரம் வண்டி கட்டணும்?" என்றார்.

அப்பா தயங்கினார். "இது கடல் தண்ணில இருக்கறதுங்க" என்று மெல்ல ஒரு வார்த்தை சொன்னார். "மீனு மீனுதாங்க, தண்ணி தண்ணிதான்" என்றார் மூத்தார். சம்பந்தி வீட்டுக்காரர் ஆசைப்பட்டதை மறுத்துப் பேசினால் பெண்ணுக்குக் கஷ்டம் வரும் என்று அப்பா அத்தோடு நிறுத்திக்கொண்டார். தன் கையாலேயே கெண்டையை மறுபடி கிணற்றில் விட்டுவிட்டு, தவலையில் கடல் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். என் நன்மைக்காக வாயை மூடிக்கொண்டவர்களில் அவர் முதல் ஆள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னேன். மாட்டிடம் சொன்னேன்.

இன்றைய பெண்களுக்கு இது புரியாது. மூத்தார் முன்னால் தம்பி மனைவி நிமிர்ந்து நிற்கக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. ஒரு வார்த்தை நேராகப் பேசக் கூடாது. ஏதாவது தெரிவித்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கும் குழந்தையிடமோ தூணிடமோ சொல்ல வேண்டும். அவர் காதில் விழும், அவரும் அந்தக் குழந்தைக்கோ தூணுக்கோ பதில் சொல்வார். வருஷக்கணக்காக இப்படியே குடித்தனம் நடக்கும். அன்றைக்கு வண்டியில் துணைக்கு வந்தவள் அப்பாவின் அக்கா; அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அவளிடம் கத்தினால் ஊருக்கே கேட்கும். ஆகவே மாடுதான் மிச்சம்.

"ஏ மாடே, இந்த மீனு உப்புத் தண்ணி இல்லாம ஒரு நாழி இருக்காது. நல்ல தண்ணில வுட்டா செத்துப்பூடும். ஏரில கெண்டை புடிச்சி வுடச் சொல்லு" என்றேன்.

மூத்தார் திரும்பாமலே தார்க்குச்சியால் மாட்டைத் தட்டினார். "ஏ மாடே, எங்க அப்பன் காலத்துலேர்ந்து கெணறு வெட்றோம். மீனப் பத்தி பொம்பளைங்க சொல்லித் தெரிஞ்சிக்கணுமா?" என்றார்.

நானும் விடவில்லை. பாதி வழி வரைக்கும் மாட்டுக்கு எல்லாம் விளக்கினேன். அந்த மீன் அலை அடிக்கிற இடத்தை விட்டு நகராது, மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் கலங்கினாலே காணாமல் போய்விடும், எல்லாம் சொன்னேன். அவரும் மாட்டுக்குப் பதில் சொன்னார். கடைசியில், "மாடே, வாய மூடிக்கினு வரச் சொல்லு" என்றார்.

நடுவில் பிரிட்டிஷ் எல்லை குறுக்கிட்டது. எங்கள் பக்கத்துப் பிரெஞ்சு ஊர்கள் ஒட்டுப்போட்ட துணி. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் நடுவே இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி இருக்கும். சாவடிக்காரர் சாராயமோ என்று தவலையின் துணியை அவிழ்த்தார். மோந்து பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். எதற்கு என்று கேட்டார். மூத்தார் பெருமையாகச் சொன்னார். சாவடிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "யோவ், கடல் மீன கெணத்துல வுட்டா சாவாதாய்யா?" என்றார். மூத்தார் சிரித்தார். "அதெல்லாம் பழகிக்கும்பா" என்றார். இதை நான் காதால் கேட்டேன். ஒரு பெண் மாட்டிடம் சொன்னது காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சட்டை போட்ட ஓர் ஆண் முகத்துக்கு நேராகச் சொன்னது விழுந்ததா இல்லையா?

மறுநாள் காலை கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றினார்கள். பங்காளிகள், அக்கம்பக்கம் எல்லாரும் வந்திருந்தார்கள். தவலையை என் கையில் கொடுத்தார்கள். ஊற்றாமல் நான் தயங்கி நின்றதைப் பார்த்து, புதுப் பெண்ணுக்குக் கூச்சம் என்றார்கள். மூன்றும் உள்ளே போயின. கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒருக்களித்தது. நிமிர்ந்தது. மறுபடி ஒருக்களித்தது. அத்தனை பெரிய அலைக்கு அசையாமல் நின்ற மீன் அசைவே இல்லாத தண்ணீரில் நிற்க முடியாமல் தவித்தது. வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்றும் வயிறு மேலாக மிதந்தன.

முதலில் பேசியவர் மாமனார். "தண்ணி வெஷம்" என்றார். பங்காளி ஒருவர், "தண்ணி மேல மட்டும் சொல்லாதீங்க. மீன் எந்த வூட்டுலேர்ந்து வந்துது, யார் கையால வுழுந்துதுன்னும் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு பேச்சு கிணற்றைப் பற்றியதாக இல்லை. கிணற்றை மூடிவிடுவது, என்னைக் கொஞ்ச நாள் தாய் வீட்டில் விட்டுவைப்பது, பிறகு பார்ப்பது. இந்தப் பிறகு பார்ப்பது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அப்படித் திரும்பி வந்த ஒருத்தி பதினோரு வருஷமாக அப்பன் வீட்டில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

நான் மூத்தாரைப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம் அவர் சொன்னால் போதும். நான்தான் அந்த மீனைப் பிடித்தேன் என்று சொன்னால் போதும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அவங்க வூட்டுல குடுத்தாங்க, கொண்டாந்தன். எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை! அவர்கள் வழக்கப்படி பார்த்தால் உண்மைதான். நான் சொன்னது மாட்டிடம். சாட்சிக்கு இருந்தவை இரண்டு மாடும் காது கேட்காத ஓர் அத்தையும். நேராகப் பேசக் கூடாது என்று வாயைக் கட்டுவார்கள், பிறகு பேசவில்லை என்று குற்றமும் சொல்வார்கள். என் கணவர் நல்லவர். ஆனால் அண்ணன் முன்னால் தரையைப் பார்க்கிற நல்லவர். அன்றைக்கும் தரையைத்தான் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முக்காட்டைத் தள்ளிவிட்டு மூத்தாருக்கு நேராகப் போய் நின்றேன். "பொய் சொல்றீங்க" என்றேன். "புடிச்சது நீங்க. வேணாம்னு சொன்னது நானு. சாவடிக்காரரும் சொன்னாரு. உப்புத் தண்ணி மீன நல்ல தண்ணில வுட்டுக் கொன்னுட்டு, பழிய எம்மேல போடுறீங்க."

மீன் செத்ததைவிடப் பெரிய அதிர்ச்சி அவர்களுக்கு அதுதான். மருமகள் மூத்தாரிடம் நேராகப் பேசிவிட்டாள். என்ன பேசினாள் என்பதை ஒருவரும் கேட்கவில்லை, எப்படிப் பேசலாம் என்பதையே எல்லாரும் கேட்டார்கள். கத்திப் பயனில்லை என்று எனக்குப் புரிந்தது. கயிற்றை எடுத்தேன். வாளியை உள்ளே விட்டு இழுத்தேன். கரையில் வைத்து இரண்டு கையாலும் அள்ளி எல்லார் எதிரிலும் குடித்தேன். சேறும் சுண்ணாம்பும் கலந்த வாடை. மற்றபடி நல்ல தண்ணீர்.

"எட்டு நாளு இந்தத் தண்ணியத்தான் குடிப்பன். நான் செத்தா கெணத்த மூடுங்க. இருந்தா, எல்லாரும் குடிங்க" என்றேன்.

அந்த எட்டு நாளும் வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இருமினால் பார்த்தார்கள். சாப்பாடு குறைந்தால் பார்த்தார்கள். காலையில் எழ ஐந்து நிமிஷம் தாமதமானால் கொழுந்தன் வந்து எட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் எனக்கு வயிறு வலித்தது. பயத்தால் வந்த வலிதான். ஆனாலும் யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் கொல்லைப் பக்கம் போனபோது ஓரகத்தி வாளியைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னது எனக்குப் புரிஞ்சிதுடி" என்றாள். அந்த வீட்டில் அதைச் சொன்னவள் அவள் ஒருத்தி.

ஒன்பதாம் நாள் கிணற்றடியில் பொங்கல் வைத்தார்கள். எல்லாரும் குடித்தார்கள். ருசியாக இருக்கிறது என்றார்கள். மாமனார் என்னைக் கூப்பிட்டு, "எம் மருமவ வெரதம் இருந்து கெணத்து தோஷத்தக் கழிச்சிட்டா" என்று ஊராரிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோஷமே இல்லையே! கிணற்றிலும் இல்லை, என்னிடமும் இல்லை. மூளையில்லாத வேலை ஒன்று நடந்தது, அவ்வளவுதான். அதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூத்தார் அந்தக் கதையைச் சந்தை, கரும்பு ஆலை, பிரெஞ்சில் மேரி என்று சொல்லும் ஊராட்சி ஆபீஸ் வாசல் என்று எல்லா இடத்திலும் சொன்னார். அவர் கதையில் மீனைப் பிடித்தது யார் என்பது வரவே வராது.

நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் இடம் நிலைத்துவிட்டது, மரியாதையும் வந்துவிட்டது, போகட்டும் என்று விட்டேன். அது என் தப்பு.

நாலு வருஷம் கழித்துக் கரும்புக் கொல்லையில் இன்னொரு கிணறு வெட்டினார்கள். அதற்குள் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, வந்த பெண் ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. பதினாறு வயது. எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். தண்ணீர் ஊறியதும் எல்லாரும் கொல்லைக்குப் போனோம். மஞ்சள் இருந்தது, தேங்காய் இருந்தது, கற்பூரம் இருந்தது. மீன் எங்கே என்று தேடினேன். மீன் இல்லை. மாமனார் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"குடிம்மா. எட்டு நாளு. நம்ப வூட்டு வழக்கம்" என்றார்.

கொஞ்சம் முன்னால்தான் அந்தத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டியிருந்தார்கள். அது மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதை நானும் பார்த்தேன், மாமனாரும் பார்த்தார். அந்தப் பெண் செம்பை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க குடிச்சீங்களேக்கா, ஒண்ணும் ஆவலியே" என்றாள்.

செம்பைப் பிடுங்கினேன். "இன்னா மாமா இது? எப்பத்திலேர்ந்து இது வழக்கம்?" என்று கேட்டேன்.

மாமனார் கோபப்படவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீதானம்மா ஆரம்பிச்சி வெச்ச?" என்றார்.

அதுவரை எல்லார் மேலும் இருந்த கோபம் முதல் தடவையாக என் மேல் திரும்பியது. ஆமாம், நான்தான். அன்றைக்கு ஒன்பதாம் நாள் பொங்கலைத் தின்றுகொண்டு சும்மா இருந்தேனே, அன்றைக்கே அவர்கள் வாயால் உண்மையைச் சொல்ல வைத்திருக்க வேண்டும். நான் கோபத்தில் செய்த ஒன்றை எடுத்து, மஞ்சள் பூசி, ஒரு சின்னப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"ஆரம்பிச்சவ நானே முடிச்சி வெக்கிறன்" என்றேன். செம்பை மாமனாரிடம் நீட்டினேன். "நீங்க குடிங்க." வயிற்றில் புண் என்றார். மூத்தாரிடம் நேராக நீட்டினேன். வெற்றிலை போட்டிருக்கிறேன் என்றார். என் கணவர் கை நீட்டினார். அவரிடம் நான் கொடுக்கவில்லை. அத்தனை தண்ணீரையும் தரையில் கொட்டினேன். "ஏரில கெண்டை புடிச்சாந்து வுடுங்க. அது வரைக்கும் யாரும் இதுல வாய் வெக்கக் கூடாது" என்றேன். அன்று மாலையே மூன்று கெண்டை வந்தன.

இரண்டாம் நாள் காலையில் மூன்றும் செத்து மிதந்தன. இந்தத் தடவை யாரும் தோஷம் என்று சொல்லவில்லை, எந்த வீட்டு மீன் என்று கேட்கவில்லை. மூத்தார் மட்டும், "நல்ல வேளை, மீன வுட்டுப் பாத்தோம்" என்றார். அந்தப் பெண் வரப்பில் நின்று கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.